ஒரே விழுதல், இரண்டு முழங்கைகள்

ரோட்டில் காய்ந்துகொண்டிருந்த அந்த நெல் எங்கள் வீட்டு நெல்தான். இதை வெளியில் சொல்ல எனக்கு ரொம்ப நாள் வெட்கமாக இருந்தது. திருநள்ளாற்றுக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அறுவடை முடிந்தால் தார் ரோடுதான் எங்களுக்குக் களம். பாதி ரோட்டில் நெல்லைப் பரப்பி, ஓரத்தில் நாலு கல்லை வைத்துவிட்டு, பஸ்காரர்களிடம் வசவும் வாங்கிக்கொள்வோம். அன்று காலையில் அதைப் பரப்பியதே நானும் என் வீட்டுக்காரரும்தான். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு, என் ஓரகத்தியை அவளுடைய கடையிலிருந்து ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் வந்தேன். பேச்சு சுவாரஸ்யத்தில் அந்த நெல்லின் மேலேயே பிரேக் பிடித்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற டீச்சர்! வண்டி வழுக்கி ஆளுக்கொரு பக்கம் விழுந்தோம்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு குடும்பமும் ஒரே வீடு, ஒரே உலை. கோயிலுக்குப் போகிற தெருவில் அக்கா சின்னதாக டிபன் கடை வைத்திருந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் கல்லில் ஐந்து தோசை ஒன்றாக வேகும். தோசைத் திருப்பியை அவள் வலது கை சுழற்றுகிற வேகத்தைப் பார்க்கவே சிலர் இலையை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

விழுந்தது ஒன்றாக, உடைந்தது வேறு வேறாக. எனக்கு மடங்கின முழங்கையின் முனையே தரையில் மோதியது. அந்த முனை எலும்பு இரண்டாகி, ஒரு துண்டைப் பின்கைச் சதை மேலே இழுத்துக்கொண்டுவிட்டது. காரைக்காலில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்துக் கட்டினார்கள். அக்கா உள்ளங்கையை ஊன்றி விழுந்தாள். அடி கை வழியாக ஏறி, முழங்கையின் வெளிப்பக்கத்து எலும்பின் தலையில் ஒரு கீறல் விட்டிருந்தது. எலும்பு விலகவில்லை, கழுத்தில் தொங்கவிடும் பட்டை போதும் என்றார் டாக்டர். அவளுக்கு மலை போல வந்தது பனி போலப் போய்விட்டது என்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நானும் அதையே நம்பினேன்.

டிஸ்சார்ஜ் அன்று ஆளுக்கொரு பயிற்சித் தாள் கொடுத்தார்கள். வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் படித்துச் சொல்வது என் வேலை. என்னுடையதை வரி வரியாகப் படித்தேன். அக்காவுடையதை மடித்து ஃபைலில் சொருகிவிட்டேன். ஆபரேஷன் செய்த கைக்குத்தானே பயிற்சி, கீறல் விட்ட கைக்கு ஓய்வுதானே மருந்து என்று நானாகவே முடிவு கட்டினேன். ஒரு வாரத்தில் பட்டையைக் கழற்றிவிட்டு மடக்கி நீட்ட வேண்டும், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்ப வேண்டும் என்று அந்தத் தாளில் தெளிவாகவே போட்டிருந்தது. என் கை தையல் பிரித்த கையோடு அழுதுகொண்டே அசைய ஆரம்பித்தது. அக்காவின் கை ஒன்றரை மாதம் பட்டையிலேயே கிடந்தது.

பட்டையைக் கழற்றியபோது கை மடங்கின வாக்கில் இறுகியிருந்தது. அதைவிட மோசம், உள்ளங்கை மேல்பக்கம் திரும்பவில்லை. கோயிலில் விபூதி வாங்க வலது கையை ஏந்த முடியவில்லை, இடது கையை நீட்டவும் மனசில்லை. கூட்டத்தோடு பின்னால் நின்று கும்பிட்டுவிட்டு வெறும் நெற்றியோடு வந்தாள். சோற்றை இடது கையில் ஸ்பூனால் அள்ளினாள். கை திரும்பாவிட்டால் தோசையும் திரும்பாது. மூடிக் கிடந்த கடையை வேறு ஆளுக்கு விட்டுவிடலாமா என்று இடத்துக்காரர் இரண்டு முறை கேட்டனுப்பினார். அப்போதுதான் அவளுடைய தாளை ஃபைலிலிருந்து எடுத்துப் படித்தேன். பாவத்தைக் கழுவுகிற மாதிரி தினமும் எண்ணெய் காய்ச்சி, அவள் கையை அழுத்தித் தேய்த்து, பிடித்து இழுத்து நீவினேன். சுளுக்கானாலும் பிசகானாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். முழங்கை வீங்கி, இருந்த அசைவும் குறைந்தது.

பயந்துபோய் அவளை, என் கைக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபி அம்மாவிடம் அழைத்துப் போனேன். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். “எண்ணெயும் வேணாம், இழுக்கவும் வேணாம். முழங்கை கோவக்கார மூட்டுங்க. அடுத்தவங்க கை வச்சா முறுக்கிக்கும். அவங்களா அசைச்சாத்தான் வழிக்கு வரும்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். முதலில் வீக்கம் வடியவிட்டார். பிறகு வீட்டிலிருந்து தோசைத் திருப்பியையே எடுத்துவரச் சொன்னார். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, வெறும் திருப்பியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்க வேண்டும். கல்லும் இல்லை மாவும் இல்லை, இது என்ன கூத்து என்று அக்கா முனகினாள். ஆனாலும் விடவில்லை. வாரம் போகப்போகத் திருப்பி கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாய்ந்தது. நாலாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் நெற்றியில் விபூதியோடு வீட்டுக்குள் வந்தாள். எந்தக் கையில் வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போய் நன்றாக அழுதேன்.

கடையைத் திரும்பத் திறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அந்தத் தாளைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கையைக் கெடுத்தது நான்தான் என்றேன். அக்கா கல்லைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். கோபிப்பாள் என்றுதான் நினைத்தேன்.

“தெரியும்டி. எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ரெண்டாவது வாரமே ஃபைல்லேந்து எடுத்துப் பாத்துட்டேன்” என்றாள். அப்புறம் ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன். துணியை உதறிப் போட்டுவிட்டுத் திருப்பியைக் கையில் எடுத்தாள்.

“கல்யாணமாகி வந்து இருவது வருஷம். அந்தப் பட்டை கழுத்துல இருந்தப்பதான் எனக்கு ஒருத்தர் சோறு போட்டுக் குடுத்து நான் உக்காந்து சாப்பிட்டேன். கழட்ட மனசு வரல.”

அவள் கையிலிருந்து திருப்பியை வாங்கிக்கொண்டேன். உட்காருங்கக்கா என்று இலையைப் போட்டேன். நான் ஊற்றிய முதல் தோசை கல்லில் ஒட்டிக் கந்தலாகக் கிழிந்தது. இன்றும் முழுசாக நீளாத அந்த வலது கையால் அதைப் பிய்த்து, வாய் வரைக்கும் கொண்டுபோய், நிதானமாகச் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று போடு என்றாள்.