வெங்காயத்துக்கு அழாதவன்

பட்டாளத்தை விட்டு வந்த பிறகு, எண்பதுகளின் தொடக்கத்தில், என் பகல்கள் ஈரத்துணிக்கு அடியில்தான் கழிந்தன. என் பழைய வேட்டியில் கிழித்த துண்டைப் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, என் மனைவி என் கண்கள்மேல் போடுவாள். துணி வழியாக வெயில் பால் நிறத்தில் இறங்கும். இண்டூர் பஸ் போகிற சத்தம், கோழிகளின் கொக்கரிப்பு, எங்கள் கைக்குழந்தையின் சிணுங்கல் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் கேட்கும். கட்டில் மெல்ல மிதக்கும். துணி காய்ந்ததும் கண்ணுக்குள் மறுபடி மணல் அரைக்கும்.

அசதி என்றால் உங்களுக்குத் தெரிந்த அசதி இல்லை. மலைக்காவலில் இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, அசதி மட்டும் என்னோடு ரயிலேறி ஊருக்கே வந்துவிட்டது. கிணற்றில் ஒரு குடம் இறைத்தால் அன்று முழுக்கப் படுக்கை. எவ்வளவு தூங்கினாலும் தூங்கின மாதிரியே இருக்காது. கண்களோ காய்ந்து, செக்கச்செவேல் என்று எரியும். பட்டாளத்து டாக்டர் நடிப்பு என்றார். தருமபுரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "டெய்லி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார். அடப்பாவி! மோரைத் தவிர எதையும் தொடாதவன் நான்.

ஊரும் அதையேதான் நினைத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் ஃபேன் காற்றும் மெழுகுவர்த்தி வெளிச்சமும் தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். எழுந்து நிற்கும்போது கால் தள்ளாடும். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? "மிலிட்டரி காலையிலயே ஏத்திக்கிச்சு" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். சாமியார் பிரசங்கமும் அந்தக் குரலும் ஒன்றாய்க் கலந்து, அரைத்தூக்கத்தில் எனக்குத் தாலாட்டு மாதிரி இருக்கும். கோபப்படக்கூடத் தெம்பு வேண்டாமா?

இதில் பெரிய கூத்து என் மாமனார். மிலிட்டரி கேண்டீனில் எனக்குக் கிடைக்கும் ரம் பாட்டிலை மாதாமாதம் மரியாதையாக அவரிடம்தான் கொடுப்பேன். மருந்துக்கு என்று வாங்கிக்கொள்வார். நமக்கே ஒன்று கொடுக்கிறான் என்றால் இவன் எத்தனை குடிப்பான் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறார் மனிதர்.

ஒருநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் கட்டிலில் கிடந்தேன்.

"பொறப்படு பாப்பா. கொழந்தையத் தூக்கிக்க. குடிகாரன் வூட்டுல நீ இருந்தது போதும்."

துணியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் கண்ணில் குத்தியது. என் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் இறுகியது. நான் எதைச் சொன்னாலும் குடிகாரன் பேச்சாகத்தான் போகும். அவள் கிளம்பிவிடுவாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். எனக்கு அது கலங்கலாய்த்தான் தெரிந்தது.

"சாப்ட்டுட்டுப் பேசலாம்ப்பா. கொழம்பு வெக்கணும், ரெண்டு பேரும் இத உரிச்சுக் குடுங்க" என்று ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தை எங்கள் நடுவில் வைத்தாள்.

உரித்தோம். வெங்காயத் தோல் காற்றில் எழுந்து, கட்டிலடியில் மெதுவாகச் சுற்றி இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே எங்கேயோ போய்விட்டேன். மாமனார் என்னைத் திட்டிக்கொண்டே உரித்தார். திட்டுக்கு நடுவே மூக்கை உறிஞ்சினார். தோள் துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் பொங்கியது. என் பொண்ணு வாழ்க்கை இப்படி ஆச்சே என்று குரல் வேறு உடைந்தது. அதில் எது வெங்காயம், எது பாசம் என்று யார் கண்டது?

அவள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சமையற்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, அவரு மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். பக்கத்தில் குனிந்து முகர்ந்தும் பார்த்தார். ரம் வாசனையில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

"எத்தன வெங்காயம் உரிச்சாலும் இவருக்கு ஒரு சொட்டு வராதுப்பா. கண்ணு காஞ்சு கெடக்குது, அதான் செவப்பு. குடிக்கறவங்களுக்கு வெங்காயம் உரிச்சா தண்ணி வரும்." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு வருதில்ல?" என்றாள்.

மாமனார் துண்டை மடியில் போட்டுக்கொண்டு என் கண்ணையே உற்றுப் பார்த்தார். பிறகு, "வலிக்குதா மாப்ளே?" என்றார்.

டாக்டர்கள் உட்பட யாரும் என்னை அதுவரை அப்படிக் கேட்டதில்லை.

"எரியுதுங்க" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு மத்தியானப் பஸ்ஸுக்குத் தனியாகவே போனார். அந்த மாதத்து பாட்டிலை அவர் கேட்கவில்லை. நானும் நீட்டவில்லை.

கட்டிலில் விழுந்தேன். அவள் போகவில்லை. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டு, குழந்தையிடம் ஏதோ பேசிக்கொண்டு, இங்கேயே இருக்கிறாள். வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. நெஞ்சு விம்மியது, கண் மட்டும் எரிந்தது. என்ன பிறப்பு இது என்று ஆத்திரமாக வந்தது.

அவள் துணியோடு வந்தாள். அன்றைக்கு அதைச் சரியாகப் பிழியவில்லை. கண்மேல் போட்டதும் தண்ணீர் இரண்டு கடைக்கண் வழியாகவும் இறங்கிக் காதுவரை ஓடியது.

"அழுவறீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.