குரங்கின் கையில் கடிதம்

ஒரகடம் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்காக நிற்கிறோம். எங்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் வெள்ளைக்கார ஆசிரியை மார்கரெட், விடுமுறை நாட்களில் குரங்கு பார்க்க ஊர் ஊராகப் போகிறவர். இன்று துணைக்கு நான்.

தன் ஊரிலிருந்து தன் அம்மா எழுதிய கடிதத்தை அவர் பிரிக்கப் போகிறார். புளியமரத்திலிருந்து இறங்கிய குரங்கொன்று அதைப் பிடுங்கிக்கொண்டு கிளையேறிவிடுகிறது. மார்கரெட் கண்கலங்கி அதையே பார்க்கிறார்.

"மொறச்சிப் பாக்காதீங்கம்மா, சண்டைக்கி வரும். திரும்பி நில்லுங்க," என்கிறாள் கொய்யாப்பழம் விற்கும் பெண்.

திரும்பி நிற்கிறோம். என் முதுகு கூசுகிறது. சற்று நேரத்தில் கடிதம் மண்ணில் விழுகிறது. ஒரு மூலைதான் கடிபட்டிருக்கிறது.

மார்கரெட் அதை எடுத்துக்கொண்டு அவளிடம் கேட்கிறார்: "நீங்கள் குரங்கைப் பார்க்கவே மாட்டீர்களா?"

"பாக்காம இன்னா? அது என்னப் பாக்காதப்போ பாத்துக்கினுதான் இருப்பேன்."