வாசலில் படுத்திருந்த அப்பா

அப்பா பேச்சை நிறுத்தியது நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருடம். எல்லாம் ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் நின்றது பாட்டு. குச்சிக்கிழங்குக் காட்டில் மண் அணைக்கும்போது வாய்க்கு வந்ததை இட்டுக்கட்டிப் பாடுவார். அப்புறம் சோளக்காட்டுச் சந்தைக்குப் போவது நின்றது. கடைசியில், சாப்பிடக் கூப்பிட்டால் வரும் "ம்" கூட நின்றுபோனது. வெயில் ஏறிய பிறகும் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். தூங்குகிறாரோ என்று எட்டிப் பார்த்தால் கண் திறந்தே இருக்கும்.

மலைமேல் குண்டூர் நாட்டில் எங்களுடையது சின்ன ஊர். காரணம் சொல்ல மட்டும் ஆளுக்குக் குறைவில்லை. மிளகுக் கொடி வாடிப்போனதுதான் காரணம் என்றார்கள். அடுத்த மழைக்குக் கொடி தளிர்த்து மரத்தைப் பிடித்து ஏறியது, அப்பா எழுந்திருக்கவில்லை. காத்துக்கருப்பு என்று பெரியப்பா கயிறு மந்திரித்து வந்து கட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் மிளகு மூட்டையை ஒற்றையாளாக லாரியில் ஏற்றுகிறவர். அவருக்குத் தெரிந்த வைத்தியமும் அதுதான்.

"ஆம்பளைக்கு என்னங்க இது? எந்திரிச்சு ரெண்டு மூட்டை தூக்குனாச் சரியாப் போயிரும்."

அப்பா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

அம்மா செம்மேட்டுக்கு நடந்துபோய், பூத்திலிருந்து திருப்பூருக்கு போன் போட்டாள். அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்த்த அவள் தம்பி, துணிப்பை ஒன்றோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். மாமா எனக்காகத்தான் வந்திருக்கிறார் என்று நம்பினேன். ஆனால் அவர் அப்பாவை விட்டு அசையவில்லை. அப்பா எப்போதாவது எழுந்து காட்டுக்குப் போனால் அவரும் போனார். ஓடைக்குக் குளிக்கப் போனால் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். இரண்டு பெரிய ஆண்கள் இப்படி ஒட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என்ன ஆச்சு என்று மட்டும் மாமா ஒருநாளும் அப்பாவைக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கிழங்கை உரித்து, பாதியைத் தான் தின்று, மீதியை அப்பா கையில் வைப்பார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா அதைத் தின்பார்.

பிறகு ஒருநாள் அப்பாவை நாமக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரையோடு திரும்பினார்கள்.

"மாத்திரைய நீங்களா நிறுத்தப்படாதுங்க மச்சான். அது ஒரு பக்கம் இருக்கட்டும். காலைல எந்திரிச்சு மூச்சு இழுத்து உடறது ஒரு பக்கம். விடியக்காலந்தான் பொல்லாத நேரம். அத மட்டும் நாம ரெண்டு பேருமாத் தாண்டிரலாம்" என்றார் மாமா.

மறுநாளிலிருந்து, பனி விலகுவதற்குள் வாசலில் சாக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். யோகாசனம் என்று மாமா சொன்னார். கையைத் தூக்குவதும் குனிவதுமாக அப்பா, பிடிக்காத பாடத்தை ஒப்பிக்கிற பையனைப் போலச் செய்தார். நான் களுக்கென்று சிரித்தால் மாமா என்னையும் இழுத்து உட்கார வைத்துவிடுவார்.

அப்படி ஒரு காலையில் அம்மா தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கமிருந்து வந்தாள். வாசலில் அப்பா வெள்ளை வேட்டியோடு மல்லாந்து கிடந்தார். கைகள் விரிந்து, கண் மூடி, அசைவில்லாமல். மாமா உள்ளே வெந்நீர் எடுக்கப் போயிருந்தார். அம்மாவின் இடுப்பிலிருந்து குடம் விழுந்தது. அவள் போட்ட சத்தம் எதிர் மலை வரைக்கும் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் கோவணத்தோடு ஓடிவந்தார். பெரியப்பா அரிவாளோடு வந்தார். எதற்கு அரிவாள் என்று அவருக்கே தெரியவில்லை.

அப்பா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். மாமாவும் சொம்போடு வெளியே வந்தார்.

"ஒண்ணுமில்லக்கா! இது சவாசனம்."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"சவமா? எம்பட ஊட்டு வாசல்ல சவமாட்டம் படுக்க வெக்கறியா? உன்ன நம்பித்தானடா கூப்புட்டேன்!"

அம்மா சீமாற்றை எடுத்துக்கொண்டு மாமாவைத் துரத்தினாள். மாமா வைக்கோல்போரைச் சுற்றி ஓடினார். பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து தடுக்கப் போய், முதல் அடியைத் தான் வாங்கினார். அப்போது கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. ரொம்ப நாள் திறக்காத கதவைத் தள்ளியதுபோல. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா சீமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அத்தனை தூரம் சுமந்து வந்த தண்ணீர் கொட்டிவிட்டதே என்று அழுகிறாள் என நினைத்து, நான் ஓடிப்போய் அண்டாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு வந்து நீட்டினேன். அதைப் பார்த்து இன்னும் அழுதாள்.

"நான் இங்கதான இருக்கறேன். எங்கியும் போயிரல" என்றார் அப்பா. அந்த வருடம் அவர் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அதுதான். வாசலில் உட்கார்ந்திருப்பவர் வேறெங்கே போவார் என்று எனக்குத் தோன்றியது.

கொஞ்ச நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் சாக்கோடு எங்கள் வாசலுக்கு வந்தார். முதுகு வலிக்கிறது என்றார். அவரைப் பார்த்து இன்னொருவர் முழங்கால் வலியோடு வந்தார். பெரியப்பாவுக்குக் கழுத்து. எங்கள் ஊர் ஆண்களுக்கு அந்த வருடம்போல உடம்பு வலித்ததே இல்லை. ஆசனம் முடிந்ததும் மாமா எல்லோருக்கும் காப்பித்தண்ணி கொடுத்து, "நேத்து எப்படிங்க போச்சு?" என்பார். முதலில் காட்டுப்பன்றி கிழங்கைக் கிளறியதைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு மெல்ல எங்கெங்கோ போகும். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நடுவில் விட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகை என்றார். காப்பித்தண்ணி வைத்த அடுப்பை அம்மா எப்போதோ அணைத்திருந்தாள். அப்பா எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கம்பெனியில் இனி லீவு கிடைக்காது என்ற நிலை வந்ததும் மாமா கிளம்பினார். அப்பாவும் நானும் பஸ் ஏற்றிவிடப் போனோம். ரோட்டோரம் நிற்கும்போது அப்பா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உனக்கு இன்னும் வருதா மாப்ள?"

"வருதுங்க மச்சான். முந்தி மாதிரி இல்லீங்க. வந்தா கொஞ்ச நாள் இருந்துட்டுப் போயிருது."

"வந்தா என்ன பண்ணுவ?"

"தனியா இருக்கமாட்டேனுங்க. யாரையாச்சும் கூப்புட்டுச் சொல்லிருவேன்."

"யாரு மாமா வாராங்க? எங்க ஊட்டுக்கும் வருவாங்களா?" என்றேன் நான்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"வந்தாலும் வரலாம் கண்ணு. வந்தா மறைக்காம அம்மாகிட்டச் சொல்லிடறேன்."

மாமாவுக்கும் இதே நோய் முன்பு வந்திருந்தது என்பதும், திருப்பூரில் அவர் கல்யாணப் பேச்சு ஒன்று அதனாலேயே நின்றது என்பதும், அந்த ஆசனங்களை அவர் எந்த நிலைமையில் கற்றுக்கொண்டார் என்பதும் நான் பெரியவளான பிறகே தெரிந்தது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வீட்டுக்கு ஓடிவந்து, மாமா வீட்டுக்கு அடிக்கடி ஒரு விருந்தாளி வருகிறாராம், நம் வீட்டுக்கும் வரலாமாம், வந்தால் அப்பா சொல்லிவிடுவாராம் என்று மூச்சிரைக்க அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அப்படியா சொன்னாரு? சொல்றேன்னாரா?"

"ஆமாம்மா."

"அப்பச் செரி, சாமி. வந்தா வரட்டும்" என்று முகமெல்லாம் சிரித்தாள்.

அம்மா இவ்வளவு சந்தோஷப்படுகிறாளே, வருகிறவர் ரொம்ப வேண்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, அவருக்கு என்ன சமைப்போம் என்று கேட்டேன்.