அவர் கையில் கட்டு, என் கையில் பால் ஜாயிண்ட்

வண்டிப் பட்டறையில் கை கறுப்பதற்கு ஒரு நாள் போதும். வேலை கைக்கு வருவதற்குத்தான் நாளாகும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு "அப்படியில்ல, இப்படி" என்று சொல்லிக்கொண்டே இருக்க, ஒரு வேலையைச் செய்து பார்த்தவர்களுக்கு என் பாடு புரியும். அந்த ஒருவர் உங்கள் வீட்டுக்காரராகவும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

உத்தமபாளையத்தில் எங்கள் பட்டறை. வீட்டுக்காரர் பிரபுதான் மெக்கானிக். நான் ஸ்பானர் எடுத்துக் கொடுப்பேன், டீ வாங்கி வருவேன், வண்டிக்காரர்களுக்குப் போன் போடுவேன். திராட்சை வெட்டு மும்முரமாக இருந்த நேரத்தில், குறுக்கே வந்த நாய்க்கு ஒதுங்கி பைக்கோடு விழுந்து அவர் வலது கையை ஒடித்துக்கொண்டார். முழங்கைக்கு மேல்வரை மாவுக்கட்டு. ஷட்டரை இறக்கிவிடலாம் என்றார். இறக்கினால் திரும்ப ஏற்றும்போது வண்டிகளெல்லாம் வேறு பட்டறையில் நிற்கும். நான் பார்க்கிறேன் என்றேன். ஆயில் மாற்றினேன், பிரேக் ஷூ மாற்றினேன். அப்புறம் பால் ஜாயிண்ட் வந்தது.

கடகட

அனுமந்தன்பட்டி தெய்வேந்திரன் அண்ணன் சொந்தமாகப் பிக்கப் வைத்துத் திராட்சை ஏற்றிக் குமுளி மலையேறிக் கேரளா போகிறவர். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்கிறது, ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது டயருக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினேன். வீல் லொடக் லொடக்கென்று ஆடியது. நம் இடுப்பில் இருக்கும் பந்து மூட்டு மாதிரிதான் பால் ஜாயிண்டும். வீல் மேலும் கீழும் போகவும் திரும்பவும் அதுதான் பிடிமானம். வண்டியின் அந்தப் பக்கத்துப் பாரமும் அதன் வழியாகத்தான் இறங்கும். வீலைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்மில் இருந்த கீழ் ஜாயிண்ட் தேய்ந்து தொளதொளவென்று இருந்தது.

"கம்பத்துல வேற ஆளப் பாத்துக்கங்கண்ணே" என்றார் என் வீட்டுக்காரர். "வேண்டாம், நான் மாத்துறேன்" என்றேன். தெய்வேந்திரன் அண்ணன் என் கையைப் பார்த்தார், வீலைப் பார்த்தார்.

"மலையில அந்த வீல் மடங்குச்சுன்னா கீழ போறது நான் மட்டும் இல்ல தங்கச்சி, ஒங்க பட்டறை பேரும் சேந்துதான்."

விட மாட்டேன் என்றது

கழற்றுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். நட்டைக் காக்கும் ஸ்பிளிட் பின் துருவேறி உள்ளேயே ஒடிந்தது. அதைத் தோண்டி எடுப்பதற்குள் விரல் நகம் ஒன்று கறுத்துவிட்டது. நட்டைத் தளர்த்தியதும் முழுசாகக் கழற்றப் போனேன். "ஏய், நாலு மரை விட்டு வை" என்று வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஸ்பிரிங் அழுத்தத்துல ஆர்ம் கீழ தெறிச்சா ஒன் காலு இருக்காது. மொதல்ல ஆர்முக்கு அடியில ஜாக்கியக் குடு." கொடுத்தேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் எதிர்த்துப் பேசவில்லை.

அதற்கப்புறம் ஜாயிண்ட் விட மாட்டேன் என்றது. போல்ட் தலையில் அடித்தேன், பலனில்லை. போல்ட் நிற்கும் துளையைச் சுற்றியிருக்கும் இரும்பின் பக்கவாட்டில் அடிக்கச் சொன்னார். தோள் கழன்றுவிடும் போல வலித்தது. நடுவில் அவர் இடது கையால் சுத்தியலை வாங்க வந்தார். நான் தரவில்லை. ஒருமுறை நிறுத்தி, தண்ணீர் குடித்து, மறுபடி அடித்தேன். வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். நான் பயந்துபோய்ப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர் சிரித்தார்.

"அது விட்ருச்சு, இனி நீயும் சுத்தியல விடு."

தேனி கடையில்

திருகுக் கிளாம்பால் ஆர்மிலிருந்து நெட்டித் தள்ளிய பழைய ஜாயிண்டைப் பழந்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறித் தேனிக்குப் போனேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் வண்டி பேரைக் கேட்டதுமே ஒரு டப்பாவை எடுத்து வைத்தான். பிரித்துப் பழையதின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன். உயரம் சரி. ஆனால் ஆர்முக்குள் இறங்கும் அடிப்பாகம் புதியதில் ஒரு நூல் சிறுத்திருந்தது. "போட்டா உக்காந்துரும்க்கா, மெக்கானிக்குக்குத் தெரியும். அவருக்குப் போன் போடுங்க" என்றான்.

அந்த மெக்கானிக் நான்தான் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன். தளர்வாக இருப்பதை வாங்கிப் போய் மாட்டினால், தெய்வேந்திரன் அண்ணன் அதே கடகட சத்தத்தோடு மலை ஏறுவார். கவுண்டரை விட்டு நகராமல் நின்றேன். பரணில் ஏறி, டப்பா டப்பாவாக இறக்கி, கடைசியில் அச்சாக அதே அளவில் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். தலையெல்லாம் தூசி.

"வீட்டுல மிக்ஸிக்கு வாஷர் வாங்கப் போனாலும் இப்படித்தான் நிப்பீகளாக்கா?"

கோணல்

திரும்பி வந்தால் தெய்வேந்திரன் அண்ணன் வாசலில் நிற்கிறார். தோட்டத்தில் பழம் வெட்டிப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டதாம். வெயிலில் வைத்தால் காம்பு வாடிவிடும். அவசரம் எனக்கும் தொற்றிக்கொண்டது. கிளாம்பை மாட்டி, புது ஜாயிண்டை ஆர்முக்குள் திருகி இறக்கினேன். பாதி போனதும் ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் வெளியே என்று சாய்ந்து நின்றுவிட்டது.

"ரெண்டு போடு போட்டா எறங்கிரும்" என்றார் தெய்வேந்திரன் அண்ணன். வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் கோணலாக உட்கார்ந்ததை அடித்து இறக்கினால் துளை கெட்டுவிடும், பிறகு ஆர்மையே மாற்ற வேண்டியதுதான். கிளாம்பைத் திருப்பிப் போட்டு வெளியே எடுத்தேன். ஆர்மின் துளைக்குள் துரு திட்டுத்திட்டாக இருந்தது. அவசரத்தில் அதைத் துடைக்காமல் விட்டது நான்தான். எமரித் தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, நேராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிலும் பார்த்துப் பார்த்து இறக்கினேன். ஜாயிண்டை நழுவாமல் பிடிக்கும் லாக் வளையம் 'டக்'கென்று தன் இடத்தில் விழுந்தபோதுதான் மூச்சு விட்டேன்.

தெய்வேந்திரன் அண்ணன் வாட்சைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"தங்கச்சிக்குக் கை ஒடிஞ்சு நீ வேலை பாத்திருந்தீன்னா, இந்நேரம் நான் கூடலூரத் தாண்டியிருப்பேன் தம்பி."

மலை

நட்டை முறுக்கி, புதுப் பின் போட்டு மடக்கி, கிரீஸ் அடித்து, வீலை மாட்டினேன். ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டியதில் சத்தம் இல்லை. அலைன்மென்டும் பார்த்தாயிற்று. ஆனால் பாரத்தோடு மலையில் எப்படி என்பது யாருக்குத் தெரியும்? நானும் வருகிறேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டேன். "ஒனக்கென்ன கிறுக்கா?" என்றார் வீட்டுக்காரர். "நான் மாட்டுன வீலு, நான் ஒக்காந்து பாக்குறேன்" என்றேன்.

அனுமந்தன்பட்டியில் பழம் ஏற்றிக்கொண்டோம். லோயர் கேம்பில் நிறுத்தச் சொல்லி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பின் இருந்த இடத்தில் இருந்தது, ரப்பர் உறை பிதுங்கவில்லை. மலையில் ஒவ்வொரு வளைவிலும் என் கால், அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. எதிரே பஸ் வந்து, அண்ணன் இடது ஓரப் பள்ளத்தில் சக்கரத்தை இறக்க வேண்டியதாயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொம் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடகட இல்லை. ஸ்டியரிங் நேராகத் திரும்பியது.

குமுளியில் இறங்கி டீ வாங்கிக் கொடுத்தார். நான் ஊருக்குத் திரும்ப பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போல மெதுவாகச் சொன்னார்.

"வலது பக்கமும் லேசா ஆடுது தங்கச்சி, வர்ற வாரம் கொண்டாறேன், பிரபுகிட்டச் சொல்லிராத, கட்டப் பிரிச்சிட்டு நாந்தான் பாப்பேன்னு நிப்பான்."

அவர் கட்டைப் பிரித்தாயிற்று, இப்போது எங்கள் பட்டறையில் இரண்டு மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். டீ வாங்கி வரத்தான் ஆள் இல்லை.