கேட் இல்லாத ஹாஸ்டல்

சனிக்கிழமை சான்ஃபிரான்சிஸ்கோவில் ஒரு ஃபாதருக்கு ஆப்பிளும் எலுமிச்சம்பழமும் கொடுத்துவிட்டு வந்தோம்.

(இன்டர்நெட்டுக்காக ஃபோன் லைனைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று வீட்டில் முணுமுணுப்பு. சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன்.)

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காக: நாங்கள் இருப்பது ஃப்ரீமான்ட், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகள் காவ்யா, இந்த வருஷம் ஹைஸ்கூல் முடிக்கிறாள்.

அவளுக்கு இரண்டு இடத்தில் அட்மிஷன் வந்திருக்கிறது. ஒன்று, வீட்டிலிருந்தே காரில் போய் வரக்கூடிய ஸ்டேட் யூனிவர்சிட்டி. இன்னொன்று, சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள் ஜேசுட் ஃபாதர்கள் நடத்துவது. அங்கே போனால் ஹாஸ்டல்தான். எது என்று இந்த மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் ஆறாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை ஃபாதர்களிடம் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர். அவரைக் கேட்டால், உலகத்தில் ஒழுக்கத்தைக் கண்டுபிடித்ததே அவர்கள்தான். விடியுமுன் பெல், ஸ்டடி ஹவர், முடி கொஞ்சம் வளர்ந்தாலும் பிரம்பு. இதையெல்லாம் சாப்பிடும்போது மகளிடம் தினமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நோ வே, டாட். தட்ஸ் எ ப்ரிஸன்" என்று அவள் முடித்துவிட்டாள்.

(விளம்பரம் செய்யத் தெரியாத மனிதர்.)

நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்று நான்தான் கிளப்பினேன். அட்மிஷன் கிடைத்த பிள்ளைகளையும் பெற்றோரையும் அழைத்துச் சுற்றிக் காட்டும் நாள் அது.

மற்ற அப்பாக்கள் ஷார்ட்ஸில் வந்திருந்தார்கள். எங்களவர் டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, கையில் ஒரு ஃபைல். அதற்குள் காவ்யாவின் கிண்டர்கார்டன் சர்ட்டிஃபிகேட்டில் ஆரம்பித்துத் தடுப்பூசிச் சீட்டு வரை எல்லாம் இருந்தது. இன்னொரு கையில் பழப் பை. சீட் விஷயமாக ஃபாதரைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போவாரா?

சீட்தான் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எங்களைத் தெரியாதவள் மாதிரி தள்ளியே நடந்தாள்.

உள்ளே ஸ்வெட்டர் போட்ட ஒருவர் எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், ஃபாதர் பிரின்சிபாலை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார் எங்களவர். பிரின்சிபால் என்று இங்கே யாரும் இல்லை, நானும் ஒரு ஃபாதர்தான், தத்துவம் நடத்துகிறேன், டாம் என்று கூப்பிடுங்கள் என்றார் அவர்.

ஃபாதரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? எங்களவருக்கு நாக்கு எழவில்லை. கடைசியில் "டாம் ஃபாதர்" என்று சமரசம் செய்துகொண்டு பழப் பையை நீட்டினார். ஃபாதர் சந்தோஷமாக வாங்கி, அங்கேயே ஒரு ஆப்பிளைக் கடிக்க ஆரம்பித்துவிட்டார்.

காவ்யா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். பக்கத்தில் வந்தாள். நாங்கள் இந்து, சர்ச்சுக்குக் கட்டாயம் போக வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். ஆனால் சமயம் பற்றி ஒரு பாடம் கட்டாயம், எந்தச் சமயம் என்பது உன் இஷ்டம், நகரத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்குப் போய் வேலை செய்வதும் படிப்பில் சேர்த்தி என்றார். கடவுளே இல்லை என்று பரீட்சையில் எழுதினால் என்ன செய்வீர்கள் என்று இவள் விடவில்லை. நன்றாக எழுதினால் நல்ல மார்க் போடுவேன் என்றார்.

அவ்வளவுதான், இரண்டு பேரும் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் நான் என்ன கேட்டாலும் "ஃபைன்" என்று ஒரே பதில் சொல்கிற பெண், கையை ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், மறுக்கிறாள், மடக்குகிறாள். இவளுக்குள் இவ்வளவு பேச்சு இருப்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

கிளம்பும்போது எங்களவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். ஹாஸ்டல் கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?

கேட்டே கிடையாது என்றார் டாம் ஃபாதர். பையன்களும் அதே கட்டடம், வேறு மாடி.

எங்களவர் முகம் சுண்டிப்போனது.

பே பிரிட்ஜில் காரை ஓட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். பக்கத்து யூனிவர்சிட்டியே போதும், வீட்டிலிருந்து போய் வரட்டும். பின் சீட்டிலிருந்து மகள், எனக்கு ஃபாதர் காலேஜுக்குத்தான் போகணும் என்று இங்கிலீஷில் சொன்னாள். காலையில் அப்பா ஆதரவு, மகள் எதிர்ப்பு. மாலைக்குள் இரண்டு பேரும் கட்சி மாறிவிட்டார்கள். (நம் ஊர் எம்.எல்.ஏ.க்கள்கூட இன்னும் கொஞ்சம் நாள் எடுத்துக்கொள்வார்கள்.)

திரும்பிப் பார்த்தேன். அழுகையை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்திருந்தாள்.

"நீ என்ன சொல்லுத?" என்றார் என்னிடம். ஆமாம் சாமி போடுவேன் என்ற நம்பிக்கை.

"உங்க ஹாஸ்டல்ல கேட் இருந்துச்சா?"

"பின்ன? எட்டு மணிக்கெல்லாம் பூட்டிருவாங்க."

"பொறவு செகண்ட் ஷோவுக்கு எப்படிப் போனீய?"

சுவர் ஏறிக் குதித்த கதையை எங்கள் கல்யாணத்தன்றே அவருடைய ஹாஸ்டல் கூட்டாளிகள் என்னிடம் சொல்லிவிட்டார்கள் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

"உங்களைப் பூட்டி வச்சாங்க, நீங்க சுவர் ஏறிக் குதிச்சீய. இவளை நம்பித் தொறந்து விடுதாங்க. இவ வாசல் வழியா போய்ட்டு வாசல் வழியா வருவா. போகட்டும், விடுங்க."

"டாட், யூ ஜம்ப்ட் எ வால்?" என்றாள் பின் சீட்டில் இருந்தவள்.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. எந்தச் சுவர், எவ்வளவு உயரம், கீழே யார் தோள் கொடுத்தது என்று வீடு வரைக்கும் அவரேதான் சொல்லிக்கொண்டு வந்தார். ஃபாதர் காலேஜுக்கான சம்மதக் கார்டை இன்று காலை தபாலில் போட்டதும் அவரேதான்.

பிள்ளைகளை ஹாஸ்டலுக்கு அனுப்பியவர்கள் குழுவில் இருந்தால் சொல்லுங்கள்: முதல் வாரம் அழுவது பிள்ளையா, அப்பாவா?

இங்கே அப்பா, காலேஜ் திறக்கும் ஆகஸ்ட் வரை காத்திருக்கவில்லை. இந்த நிமிஷம் அவள் ரூம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்:

"சனிக்கிழம சனிக்கிழம துணி துவைக்கவாவது வீட்டுக்கு வருவியாட்டி?"