போட்டோவில் இருக்கிற மீசை

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் துரைக்கண்ணு முதலில் எடுப்பது பாஸ்போர்ட்டை. போட்டோ உள்ள பக்கத்தைப் பிரித்து, கண்ணாடிக்குக் கீழே பவுடர் டப்பாவில் சாய்த்து வைப்பார். "இதுல எப்டி இருக்குதோ அதே மாதிரி வெட்டுபா. மீசைல கைய வெச்சிடாத" என்பார். செவிலிமேட்டில் சலூன் வைத்திருக்கும் கலியாணசுந்தரத்துக்கு அந்தப் போட்டோ எப்போதோ மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் ஒருமுறை உற்றுப் பார்த்தாக வேண்டும். இல்லாவிட்டால் துரைக்கண்ணு தலையைக் கொடுக்க மாட்டார்.

பட்ட பிறகு வந்த ஜாக்கிரதை இது. போன வருஷம் மண்ணடி ஏஜெண்ட் ஒருவர், வளைகுடாவில் பேரீச்சம்பழம் பறிக்கும் வேலை இருக்கிறது, ஆடியில் போனால் ஐப்பசியில் திரும்பிவிடலாம் என்றார். மரம் ஏறத் தெரியுமா என்று கேட்டதற்கு, வரப்பைத் தவிர வேறெதிலும் ஏறியறியாத துரைக்கண்ணு கூசாமல் தெரியும் என்றார். பாஸ்போர்ட் வந்தால் மொட்டை போடுவதாகத் திருப்பதிக்கு வேண்டுதல். வந்ததும் முதல் காரியமாக மலையேறி, தலைமுடியோடு மீசையையும் கொடுத்துவிட்டு, அதே கோலத்தில் விசா வாங்கப் பம்பாய்க்கு ரயிலேறினார். அங்கே அதிகாரி போட்டோவைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், முடி வளர்ந்ததும் வா என்று அனுப்பிவிட்டார். முடி வளர்வதற்குள் சீசன் போயே போய்விட்டது.

இந்த வருஷம் வேண்டுதலே கிடையாது. போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சாமியிடம் சொல்லியாகிவிட்டது. விதைத்துவிட்டுப் போனால் யார் அறுப்பது என்று நிலத்தையும் தரிசாகப் போட்டுவிட்டார். அவர் மனைவி தேவகி அடுத்தவன் கழனியில் நாற்று நட்டுக் கொண்டுவரும் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது. விசா கிடைக்காவிட்டால் அடுத்த வருஷமும் அதே கதிதான்.

மிச்சமிருந்த ஒரே பயம் நைனா. அப்பா ராமலிங்கத்துக்கு வயதாகிவிட்டது, நெஞ்சு நிறையச் சளி. கொள்ளி வைக்க வேண்டியவர் மூத்த மகன் துரைக்கண்ணு. வைப்பதற்கு முன் தலையும் மீசையும் போயாக வேண்டும். இது உறைத்த நாளிலிருந்து அவர் அப்பாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினார். இலவம்பஞ்சு மெத்தை, வேளைக்கு ஹார்லிக்ஸ், விடிந்ததும் மூக்கருகே விரல் வைத்து மூச்சுப் பரிசோதனை. இப்படி ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும் என்று தெருவே மெச்சியது. பெற்ற அம்மா படுத்துக் கிடந்தபோது இதே மனுஷர் ஒரு மாத்திரைகூட வாங்கி வராததைப் பார்த்திருந்த தேவகி மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கிழவரும் லேசுப்பட்டவர் அல்ல. விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். ஜிலேபி வேண்டுமென்றால் இரண்டு இருமல் இருமுவார், பொட்டலம் வந்துவிடும். "நீ போய்ட்டு வர்ற வரிக்கும் நான் தாங்கிக்கினு கெடப்பேன்டா" என்று பெரிய மனசு பண்ணுவார்.

ஆனி கடைசியில் ஏஜெண்டின் தந்தி வந்தது. விசாவுக்குப் பம்பாய்க்கு வர வேண்டும், வெள்ளிக்கிழமை ரயில். வியாழக்கிழமை காலையில் விரல் வைத்துப் பார்த்தபோது மூச்சில்லை.

பாலாற்று மணலில் கட்டை அடுக்கியாயிற்று. மீசையை மட்டுமாவது விட்டுவிடக் கூடாதா என்று துரைக்கண்ணு பங்காளிகளிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தார். யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பிறகு அழுதார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இத்தனை மாதம் அந்த மூச்சைக் காவல் காத்ததில், பாவம், கிழவர்மேல் நிஜமாகவே பாசம் வந்துவிட்டிருந்தது.

கத்தியைத் தீட்டிக்கொண்டு கலியாணசுந்தரம் எதிரே வந்து குந்தினார். துரைக்கண்ணு இடுப்பு மடியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து, போட்டோ உள்ள பக்கத்தைப் பிரித்து நீட்டினார். கலியாணசுந்தரம் வழக்கம்போல ஒருமுறை உற்றுப் பார்த்தார். அதன் பிறகுதான் துரைக்கண்ணு தலையைக் குனிந்தார்.