மாமன் வைத்த மூன்று குவளைகள்

“யுவ வருடம், மாசி. சின்னவன் காதுகுத்து. மூன்று குவளை. கிடாரி வந்தது.” பழைய பஞ்சாங்கத்தின் ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியிருப்பது இவ்வளவே. ஆங்கிலக் கணக்கில் அது 1936ஆம் ஆண்டின் தொடக்கம். அந்தச் சின்னவன் நான். பரமத்தி வேலூருக்கு அருகே மாமனின் தென்னந்தோப்பில், குத்திய காது எரிய எரிய அவர் மடியில் உட்கார்ந்திருந்தபோது காற்றில் மிதந்து வந்த கள்ளின் இளம்புளிப்பு வாசம் இன்னும் மூக்கில் நிற்கிறது.

காதுகுத்து விருந்தில் தாய்மாமன் கண்ணாடிக் குவளைகளில் கள்ளை ஊற்றி வைப்பதும், கை எட்டாத தூரத்தில் நின்று, எது எந்த மரத்துக் கள் என்று மாப்பிள்ளை பார்வையாலேயே சொல்வதும் அம்மா பிறந்த வீட்டு விளையாட்டு. அந்த வருடம் அது வெறும் விளையாட்டாக இல்லை. எங்கள் கறவை மாடு தை மாதம் செத்துப்போயிருந்தது; கைக்குழந்தையான என் தங்கைக்காக அம்மா விடிந்தால் பக்கத்து வீட்டு வாசலில் பாலுக்கு நின்றுகொண்டிருந்தார். மாமனின் தொழுவத்திலோ “காரி” என்று அவர்கள் அழைத்த கருநிறச் சினைக் கிடாரி ஒன்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“மூணையும் சொல்லிப்போட்டீங்கன்னா காரியை ஓட்டிக்கிட்டுப் போங்க, மாப்பிள்ளை. ஒண்ணு தப்புனாலும் வேட்டி சீலையோட சரி” என்றார் மாமன்.

அப்பாவுக்குக் கள்ளில் தேர்ந்தவர் என்று பெயர். பால்போல் வெளுத்திருந்த முதல் குவளையைத் தென்னங்கள் என்றார். லேசாகச் சாம்பல் ஓடிய இரண்டாவதைப் பனங்கள் என்றார். இரண்டுக்கும் மாமன் தலையாட்டினார். மூன்றாவதில் நுரை விளிம்புக்கு மேலே கோபுரமாய் நின்றது.

“இத்தனை பொங்கறது ஈச்சங்கள்ளுதானுங்க.”

“அதான் கடைசிப் பேச்சுங்களா?” என்று கேட்ட மாமனின் தொடை என் கீழே சிரிப்பில் குலுங்கியது.

“இருங்கண்ணா. எங்க ஊட்டுப் பேச்சு இன்னும் முடியலீங்க.” அடுப்படியிலிருந்து மாவுக் கையோடு அம்மா வந்து நின்றார்.

“நீ எப்பப் புள்ள கள்ளுக் குடிச்சே?”

“நான் குடிக்கலீங்கண்ணா. எம்பட ஆப்ப மாவு குடிக்குதுங்க, வருசம் பூராவும்.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாவு பொங்கக் கள் ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கம்; உயிருள்ள கள்ளா என்று பாத்திரத்தை எட்டிப் பார்க்காமல் அம்மா ஒருநாளும் ஊற்றியதில்லை. குவளையை அவர் குனிந்து பார்த்தார்.

“கள்ளுன்னா அடியிலிருந்து பொடிப்பொடியா மேல ஏறிக்கிட்டே இருக்கோணும். இதுல அடி சும்மா கெடக்குது, மேல மட்டும் நுரை. ஆத்தி ஆத்தி நுரை கட்டியிருக்கறீங்க. இது கள்ளே இல்லீங்க; தெளுவு.”

புளிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் பதநீரைத்தான் எங்கள் பக்கம் “தெளுவு” என்பார்கள். மாமன் குவளையை எடுத்து என் வாயருகே நீட்டி, “குடி சாமி” என்றார். சொட்டுப் புளிப்பில்லாமல் தித்தித்தது. நான் குடிக்கக் குடிக்கத் தோப்பே கைதட்டியது. எல்லோரையும்விட உரக்கத் தட்டியவர் தோற்ற அப்பாதான். அன்று மாலை அம்மா வண்டியில் ஏறவில்லை. கழுத்துமணி குலுங்க வந்த காரியின் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு, பார்ப்பவர்கள் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஊர் எல்லைவரை நடந்தார்.

மறு வருடம் அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. குவளை விளையாட்டு அத்தோடு நின்றது. எங்கள் ஆப்ப மாவு சோடா உப்புக்கு மாறியது. காரியின் மணி மட்டும் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. காரியை அம்மாவுக்குக் கொடுப்பதென்று முன்பே முடிவுசெய்து, காதுகுத்துக்கு முந்தின சந்தையிலேயே அந்த மணியை வாங்கிவிட்டதாக மாமன் கடைசிவரை சொன்னார். “தோத்தவங்க அப்படித்தானுங்க சொல்லுவாங்க” என்று அம்மாவும் கடைசிவரை சிரித்தார். மணி வாங்கிய நாளை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.